காதுக்குள் திடீர் இரைச்சல்: முதல் மூன்று நாளும் அதற்கு அப்புறமும்

நேற்று இரவு வரை இல்லாத ஒரு சத்தம் இன்று காலையில் காதுக்குள் இருக்கிறது. பக்கத்தில் வெடி எதுவும் வெடிக்கவில்லை, காய்ச்சல் இல்லை, குளிக்கும்போது தண்ணீர் புகுந்ததாகவும் நினைவில்லை. ஆனாலும் கொய்ங் என்று ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருக்கிறது. சிலருக்கு அது சில்வண்டுச் சத்தம், சிலருக்கு அடுத்த தெரு மாவுமில், சிலருக்கு ஸ்ஸ் என்று காற்றுக் கசியும் ஒலி. வீட்டில் வேறு யாருக்கும் அது கேட்கவில்லை.

அந்தக் காலையில் இருப்பவருக்காகத்தான் இந்த அத்தியாயம். இரண்டு செய்திகளை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காது இரைச்சல் பெரும்பாலும் ஆபத்தானதல்ல; உலகில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ 14 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது அல்லது இருந்திருக்கிறது என்று 2022இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு மதிப்பிட்டது. ஆனால் திடீர் இரைச்சலோடு கேட்கும் திறனும் இறங்கியிருந்தால் அது அவசரம். ஒரு வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. இரண்டும் தொடக்கத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும். எது எது என்று பிரித்துப் பார்ப்பதே முதல் நாள் வேலை.

சற்று நேரத்தில் அடங்கிவிட்டால்

சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு காது லேசாக அடைத்து, கீய்ங் என்று சத்தம் எழுந்து, ஒரு நிமிடத்துக்குள் தேய்ந்து மறைவது ஏறக்குறைய எல்லோருக்கும் எப்போதாவது நடக்கும். அதற்கு மருந்தும் வேண்டாம், பரிசோதனையும் வேண்டாம்.

தீபாவளிப் பட்டாசு, கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கி, கோயில் கொடை இரவு, இவற்றுக்குப் பிறகு வரும் இரைச்சல் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் வடிந்துவிடும். இரண்டு நாள் தாண்டியும் நின்றால் காட்டுங்கள். வெடிச்சத்தத்துக்குப் பிறகு காதில் வலியோ ரத்தமோ இருந்தால் செவிப்பறை கிழிந்திருக்கலாம். தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டு, எந்தச் சொட்டு மருந்தும் விடாமல், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீட்டிலேயே ஐந்து நிமிடம்

இரைச்சல் நிற்கவில்லை என்றால் மூன்று எளிய சோதனைகள் செய்து பாருங்கள்.

முதலாவது, செல்ஃபோன். யாரையாவது கூப்பிட்டு ஒரே ஒலியளவில் வலது காதிலும் இடது காதிலும் மாறி மாறி வைத்துக் கேளுங்கள். ஒரு பக்கம் குரல் மங்கலாகவோ, தகரத்தில் பேசுவதாகவோ, சொல் பிரியாமலோ கேட்டால் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது. இரைச்சல் பெரிதாக இருப்பதால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. சத்தம்தான் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். உண்மையில் அந்தக் காது பாதி கேட்காமல் போயிருக்கும்.

இரண்டாவது, வாயை மூடிக்கொண்டு ம்ம்ம் என்று முனகுவது. ஒரு காது மங்கியிருக்கும்போது, அந்த முனகல் மங்கிய காதிலேயே தூக்கலாகக் கேட்டால் குறும்பி அடைப்போ நடுக்காது நீரோ இருக்க வாய்ப்பு அதிகம். நல்ல காதுப் பக்கமாகச் சாய்ந்து கேட்டால் உள்காதையும் நரம்பையும் சந்தேகிக்க வேண்டும். மருத்துவர் இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதே தத்துவம்தான். இது முடிவான சோதனை அல்ல; எவ்வளவு வேகமாகக் கிளம்ப வேண்டும் என்பதற்கு ஒரு குறிப்பு.

மூன்றாவது, மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்ப்பது. காதுச் சத்தம் நாடியோடு சேர்ந்து தப்தப் என்றோ விஷ் விஷ் என்றோ துடிக்கிறதா? துடித்தால் அது வேறு வகை. காதைவிட ரத்த ஓட்டத்தோடு சம்பந்தப்பட்டது. கடுமையான ரத்தசோகை, தைராய்டு மிகைச் சுரப்பு, கழுத்து அல்லது மண்டையோட்டு ரத்தக் குழாய்களில் மாற்றம், மூளையைச் சுற்றிய நீரழுத்தம் கூடுவது என்று காரணங்கள் பல. நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆகவே நாடியோடு துடிக்கும் இரைச்சல் என்று ஒரு பெண் சொன்னால், மற்றப் பரிசோதனைகளோடு ஹீமோகுளோபினையும் பார்த்துவிட வேண்டும். துடிப்போடு தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்திருந்தால் தாமதமே கூடாது.

அவசரம் எது

மூன்று நாளுக்குள், அடுத்தடுத்த மூன்று அதிர்வெண்களில் 30 டெசிபலுக்குக் குறையாமல் கேட்கும் திறன் இறங்குவதைத் திடீர் நரம்புவழிக் காதுகேளாமை என்கிறார்கள். பெரும்பாலும் ஒரு காதில்தான் வரும். காலையில் எழும்போதே காது அடைத்திருக்கும், கூடவே இரைச்சல், சிலருக்குத் தலைசுற்றல். பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் கண்டுபிடிக்க முடிவதில்லை. ஆனால் காரணம் தெரியாவிட்டாலும் சிகிச்சை உண்டு: ஸ்டீராய்டு மாத்திரை, அல்லது செவிப்பறை வழியாக நடுக்காதுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி. முதல் சில நாளில் தொடங்கினால் நல்லது. இரண்டு வாரம் கடந்தால் பலன் குறைந்துகொண்டே போகும். சிலருக்குத் தானாகவே திரும்பி வருவதும் உண்டுதான். யாருக்குத் திரும்பும், யாருக்குத் திரும்பாது என்று முன்கூட்டியே சொல்ல முடியாது என்பதால் அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

இங்கேதான் நாள்கள் வீணாகின்றன. காது அடைப்பு என்றதும் சளி என்று எடுத்துக்கொண்டு மூக்குச் சொட்டு, ஆன்டிபயாட்டிக், ஆவி பிடித்தல் என்று ஒரு வாரம் ஓடிவிடும். உங்களிடம் அப்படிச் சொல்லப்பட்டால் பணிவாக ஒரு கேள்வி கேளுங்கள்: “டாக்டர், இன்னிக்கே ஒரு ஆடியோகிராம் எடுத்துப் பார்த்துடலாமா?” இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் அந்தக் கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள். ஆடியோகிராம் என்பது செவித்திறனை அளந்து காட்டும் பரிசோதனைத் தாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தப் பரிசோதனைக்கான கருவி பொதுவாக இருக்காது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவும் செவித்திறன் பரிசோதனை அறையும் உண்டு. நேராக அங்கே போவதே நேரத்தை மிச்சப்படுத்தும். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், வயிற்றுப்புண், பழைய காசநோய் இருந்தால் ஸ்டீராய்டு எழுதும் முன்பே சொல்லிவிடுங்கள். சர்க்கரை நோயாளிக்கு அந்த நாள்களில் சர்க்கரை எகிறும். அதற்காகச் சிகிச்சையை விட்டுவிட வேண்டியதில்லை, அடிக்கடி அளந்து மருந்தைச் சரிசெய்துகொள்ளலாம்.

இரைச்சலோடு வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, கை கால் மரத்துப்போவது, நிற்க முடியாத தலைசுற்றல் வந்தால் காது மருத்துவரைத் தேட வேண்டாம், 108ஐ அழையுங்கள். தலையில் அடிபட்டபின் வந்த இரைச்சலுக்கும் இதுவே வழி.

காதில் எதையும் ஊற்றாதீர்கள்

பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், வெங்காயச் சாறு, தேங்காய் எண்ணெய், யாரோ எதற்கோ வாங்கி மிச்சம் வைத்த சொட்டு மருந்து. இவற்றைச் சொல்பவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் உள்காதில் இருக்கும் பிரச்சினைக்குச் செவிப்பறையைத் தாண்டி எண்ணெய் போய்ச் சேராது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நடுக்காது வரை போய்ச் சீழ்பிடிக்க வைக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும் காதில் பூஞ்சை வளர்வதும் சாதாரணம்.

ஹேர்பின், ஊக்கு, தீக்குச்சி, கோழி இறகு, பஞ்சு சுற்றிய பட்ஸ், எல்லாமே குறும்பியை உள்ளே தள்ளும். குறும்பி செவிப்பறையில் போய் ஒட்டிக்கொண்டாலே இரைச்சல் வரலாம். இரைச்சலுக்கான காரணங்களில் ஒரே வருகையில் தீர்ந்துபோகக்கூடிய காரணம் அதுதான். மருத்துவர் பார்த்து எடுக்கட்டும். தெருவில் பெட்டியோடு வந்து காது சுத்தம் செய்பவரிடம் காதைக் கொடுக்க வேண்டாம்.

மருத்துவர் அறையில்

போகும்போது ஒரு தாளில் நான்கைந்து வரி எழுதிக்கொண்டு போங்கள். எந்தக் காது, எந்த நாள், தொடர்ந்து கேட்கிறதா விட்டு விட்டா, நாடியோடு துடிக்கிறதா, தலைசுற்றல் உண்டா, தாடையை இறுக்கும்போதோ கழுத்தைத் திருப்பும்போதோ சத்தம் மாறுகிறதா. கடைசிக் கேள்வி முக்கியம். தாடை மூட்டும் கழுத்துத் தசையும் இரைச்சலைக் கூட்டிக் குறைக்கக் கூடியவை. இரவில் பல் நறநறக்கும் பழக்கம் உள்ளவருக்குக் காதைவிடப் பல் மருத்துவரிடம் தீர்வு கிடைக்கலாம்.

கடந்த இரண்டு மாதத்தில் எடுத்த மருந்துகள் எல்லாவற்றையும், அட்டையோடு, காட்டுங்கள். ஜென்டாமைசின், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகள், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின், சிறுநீர் பிரிக்கும் ஃப்ரூஸமைடு, அதிக அளவு ஆஸ்பிரின், குயினைன் ஆகியவை காதைத் தொடக்கூடியவை. இதயத்துக்காகத் தினமும் எடுக்கும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் பொதுவாகக் காரணமாவதில்லை. எதுவானாலும் நீங்களாக நிறுத்தக் கூடாது. எழுதிக் கொடுத்தவரிடம் கேட்டு மாற்ற வேண்டும். காசநோய்க்கோ புற்றுநோய்க்கோ மருந்து எடுப்பவர் இரைச்சல் வந்த அன்றே தன் மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.

எல்லோருக்கும் ஸ்கேன் தேவையில்லை. இரு காதிலும் சமமாக, நாடித் துடிப்பில்லாமல், வேறு அறிகுறி இல்லாமல் இருக்கும் இரைச்சலுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம். ஒரு காதில் மட்டும் நிலைத்து நின்றாலோ, இரு காதுகளின் ஆடியோகிராமும் வேறுபட்டாலோ எடுப்பது நியாயம். கேட்டல் நரம்பின் அருகே மெதுவாக வளரும், புற்றல்லாத கட்டி ஒன்று அரிதாக இப்படித் தொடங்குவதுண்டு. அதை இல்லையென்று உறுதி செய்துகொள்ளத்தான்.

காதுக்கருவி விற்கும் கடையில் இலவசமாக எடுக்கும் பரிசோதனை மருத்துவரின் பார்வைக்கு மாற்றாகாது. பரிசோதனை செய்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற செவித்திறன் வல்லுநர்தானா என்று தயங்காமல் கேளுங்கள்.

உள்ளே கேட்கும் ஓசைக்கு ஆன்மிகப் பொருள் சொல்பவர்களும் நம்மிடையே உண்டு. யோகத்தில் ஆழ்ந்தவருக்குக் கேட்கும் ஒலிகளாக மணி, கடல், வண்டு, யாழ் போன்றவற்றைத் திருமந்திரம் பட்டியலிடுகிறது. அந்த மரபின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் திடீரென்று, ஒரு காதில், கேட்கும் திறன் குறைந்த நிலையில் வந்த சத்தத்துக்கு முதலில் ஆடியோகிராம். தியானம் எத்தனை நாள் கழித்தும் தொடரலாம்.

‘எல்லாம் நார்மல்’ என்று வந்தால்

குறும்பி இல்லை, ஆடியோகிராம் சரி, ரத்தப் பரிசோதனை சரி, ஆனால் சத்தம் மட்டும் போகவில்லை. இந்தக் கட்டத்தில்தான் மனிதர்கள் உடைந்து போகிறார்கள். நார்மல் என்று சொன்னதை, தன் பேச்சை யாரும் நம்பவில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. சத்தம் உண்மையானது, அளக்கும் கருவிதான் அந்த நுட்பம் வரை போகவில்லை.

ஒவ்வொரு உள்காதிலும் சுமார் 15,000 நுண்மயிர் அணுக்கள் உள்ளன. ஒலியதிர்வை மின்குறியாக மாற்றி நரம்புக்குக் கொடுப்பவை அவைதாம். ஒருமுறை அழிந்தால் மனிதர்களுக்கு மறுபடி முளைப்பதில்லை. வழக்கமான ஆடியோகிராம் 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை, அதுவும் சில புள்ளிகளில் மட்டுமே அளக்கிறது. இடையில் உள்ள சேதமும் அதற்கு மேலே உள்ள சேதமும் அதில் தெரியாது. 2009இல் ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளில் ஒன்றைக் காட்டினார்கள். பெருஞ்சத்தத்துக்குப் பிறகு கேட்கும் அளவு முழுமையாகத் திரும்பிவிட்டது; ஆனாலும் நுண்மயிர் அணுவுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் கணிசமான பகுதி திரும்பவில்லை. மனிதர்களிலும் நார்மல் ஆடியோகிராமோடு வரும் இரைச்சலில் ஒரு பகுதிக்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்பது வலுவான கருதுகோள்.

காதிலிருந்து வரும் குறி மெலிந்ததும் மூளை தன் ஒலிப்பெருக்கத்தைக் கூட்டுகிறது. பழைய ரேடியோவில் இலங்கை வானொலி மங்கலாக வரும்போது சத்தத்தைத் திருகிக் கூட்டினால் பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் கூடுமே, அதுதான் நடக்கிறது. ஆகவே இரைச்சல் காதில் தொடங்கினாலும் அதை உயிரோடு வைத்திருப்பது மூளை.

அமைதியான அறையில் இந்த உள்ளிரைச்சல் யாருக்குத்தான் இல்லை? 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், காதில் குறை ஏதும் இல்லாத 80 பேரை ஒலிபுகாத அறையில் சில நிமிடங்கள் உட்கார வைத்து, என்ன கேட்கிறது என்று எழுதச் சொன்னார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தத்தை எழுதினார்கள். ரீங்காரம், இரைச்சல், விசில். உங்கள் மூளை செய்வது எல்லா மூளையும் செய்வதுதான். உங்களுடையது கொஞ்சம் தூக்கலாகச் செய்கிறது, நீங்கள் அதைக் கவனித்துவிட்டீர்கள்.

கவனிப்பது என்பது சின்ன விஷயமில்லை. இரைச்சலை அளந்து பார்த்தால் பெரும்பாலும் அது கேட்கும் எல்லைக்கு மேல் 5 முதல் 15 டெசிபல்தான் இருக்கும். இலைச் சலசலப்பு அளவு. அப்படியிருந்தும் ஒருவர் அதை மறந்து வேலைக்குப் போகிறார், இன்னொருவர் தூங்காமல் தவிக்கிறார். வித்தியாசம் ஒலியளவில் இல்லை, பயத்தில் இருக்கிறது. பாவெல் ஜாஸ்ட்ரெபாஃப் 1990இல் முன்வைத்த விளக்கம் இதுதான்: ஆபத்து என்று மூளை முத்திரை குத்திய ஒலியை அது காவல் காக்கும்; ஆபத்தில்லை என்று உணர்ந்த ஒலியை வடிகட்டிவிடும். தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருப்பவர் இரவு ரயிலுக்கு எழுவதில்லை. குழந்தை முனகினால் எழுந்துவிடுகிறார்.

இதிலிருந்துதான் நடைமுறை பிறக்கிறது. பரிசோதனைகள் முடிந்து ஆபத்து இல்லை என்று தெரிந்தபின் சத்தத்தை நிறுத்தும் வேட்டையை விட வேண்டும். மூளை அதைக் காவல் காப்பதை நிறுத்தும்படி வாழ்க்கையை அமைத்துக்கொள்ள வேண்டும்.

இரவு

இரவுதான் கடினம். நிசப்தமான அறையில் படுக்காதீர்கள். மின்விசிறி ஓடட்டும். அது போதவில்லை என்றால் மழைச் சத்தமோ அருவிச் சத்தமோ செல்ஃபோனில் வைத்து, தலையணைக்குப் பக்கத்தில் வேண்டாம், அலமாரி மேல் வையுங்கள். இரைச்சலை முழுதாக மூழ்கடிக்கும் அளவுக்குக் கூட்டக் கூடாது. இரண்டும் சேர்ந்து கேட்க வேண்டும், இரைச்சல் சற்றே பின்தங்க வேண்டும். மூழ்கடித்தால் மூளைக்கு அதனோடு பழக வாய்ப்பே கிடைக்காது. இயர்ஃபோன் போட்டுக்கொண்டு தூங்க வேண்டாம்.

மின்வெட்டு இரவுகளைச் சொல்லியாக வேண்டும். விசிறி நின்ற மறுகணம் சத்தம் பல மடங்கானதாகத் தோன்றும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். இரைச்சல் கூடவில்லை, சுற்றியிருந்த ஒலி போய்விட்டது. இணையம் இல்லாமலே ஒலிக்கும்படி ஒரு மழைப் பதிவை ஃபோனில் முன்கூட்டியே சேமித்து வையுங்கள். அது இருக்கிறது என்று தெரிவதே பாதி நிம்மதி.

இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வேறு அறைக்குப் போய் மங்கிய வெளிச்சத்தில் ஏதாவது செய்யுங்கள். தூக்கம் கண்ணைச் சொக்கும்போது திரும்புங்கள். காலையில் எழும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். நள்ளிரவில் ஃபோனை எடுத்துக் காது இரைச்சல் என்று தேடுவதை நிறுத்துவது எந்த மாத்திரையையும்விட நல்லது. குணமானவர்கள் அங்கே எழுத வருவதில்லை. நீங்கள் படிப்பதெல்லாம் மிக மோசமான நிலையில் உள்ளவர்களின் வார்த்தைகள்.

கவனத்தைத் திருப்பும் பயிற்சி

இரைச்சலால் வரும் துன்பத்தைக் குறைப்பதில் ஆய்வுகளின் ஆதரவு அதிகம் பெற்றது அறிவுசார் நடத்தைச் சிகிச்சை. சத்தம் குறைவதில்லை, சத்தம் தரும் வேதனை குறைகிறது. மனநல மருத்துவர், உளவியலாளர் மூலம் செய்வது சிறப்பு. கிடைக்காதவர் அதன் அடிப்படையை வீட்டிலேயே தொடங்கலாம்.

இரவு இரண்டு மணிக்கு மனதில் ஓடுவதை அப்படியே எழுதுங்கள். ‘இது நிற்கவே நிற்காது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.’ பகலில் அதை எடுத்து, வேறொருவர் எழுதியதாக நினைத்துப் படியுங்கள். நிற்காது என்பதற்கு என்ன ஆதாரம்? இன்று பகலில் எந்த நேரமாவது அதை மறந்திருந்தீர்களா? பெரும்பாலும் இருந்திருப்பீர்கள்: பேருந்தில், சமையலில், குழந்தையோடு பேசும்போது. அந்த நேரங்களையும் அதே தாளில் எழுதுங்கள்.

இன்னொன்று, பத்து நிமிடப் பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து முதலில் பாதம் தரையைத் தொடும் உணர்வைக் கவனியுங்கள். பிறகு தெருச் சத்தம். பிறகு வேண்டுமென்றே காது இரைச்சல். பிறகு மூச்சு. மறுபடி தெரு. கவனத்தை நீங்கள் நகர்த்த முடிகிறது என்பதை உடம்பே கற்றுக்கொள்ள வேண்டும். முதல் சில நாள் கஷ்டமாக இருக்கும், அதற்காக விட்டுவிடாதீர்கள்.

செய்யக் கூடாத ஒன்றும் உண்டு. எழுந்தவுடன் ‘இன்று எவ்வளவு இருக்கிறது’ என்று காதைச் சோதிப்பது, காதைப் பொத்திப் பார்ப்பது, நாள்தோறும் மதிப்பெண் போடுவது. ஒவ்வொரு சோதனையும் மூளைக்கு இது முக்கியம் என்று திரும்பச் சொல்கிறது.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரைச்சலுக்கென்றே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அங்கீகரித்த மாத்திரை எதுவும் இல்லை. ஜின்கோ பைலோபா, துத்தநாகம், மெலட்டோனின் ஆகியவற்றை இரைச்சலுக்காகப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்க காது மூக்கு தொண்டை மருத்துவர் அமைப்பு 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. பீட்டாஹிஸ்டின் வெறும் இரைச்சலைக் குறைப்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பி12 குறைவு இருந்தால் அதற்குச் சிகிச்சை தேவை. இல்லாதவருக்கு மாதக்கணக்கில் சத்து மாத்திரை எழுதுவதில் பொருளில்லை. காபியை ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலிதான் மிஞ்சும். மாலைக்குப் பிறகு வேண்டாம் என்று வைத்துக்கொண்டால் போதும். உப்பைக் குறைப்பது தலைசுற்றலோடு வரும் மெனியர் நோய்க்கான ஆலோசனை, எல்லோருக்கும் அல்ல. கேட்கும் திறன் குறைந்தவருக்குக் காதுக்கருவி இரண்டு வேலை செய்யும்: பேச்சைக் கேட்க வைக்கும், வெளி ஒலி கூடுவதால் உள்ளிரைச்சலை அடக்கும். வாங்க வசதியில்லாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அதை ரகசியமாக வைத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலிமனஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். வீட்டில் ஒருவரிடமும் அன்றே சொல்லுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே, நீ அதையே நெனச்சுக்கிட்டு இருக்கே” என்று சொல்லாதீர்கள். தாயிடமோ கணவரிடமோ மனைவியிடமோ கேட்கும் அந்த ஒரு வாக்கியம் நோயாளியைத் தனியாக நிறுத்திவிடுகிறது. செக் இசையமைப்பாளர் ஸ்மேதனா 1874இல் காது கேளாமல் போனவர். இரண்டு ஆண்டு கழித்து எழுதிய நால்வர் இசையின் கடைசிப் பகுதியில், ஓடிக்கொண்டிருக்கும் மகிழ்ச்சியான இசையை நிறுத்தி, வயலினில் உச்சியில் ஒற்றைச் சுரத்தை நீள ஒலிக்க விட்டார். தன் காதுக்குள் கேட்டதை மற்றவர்களுக்குக் கேட்க வைத்தார். அதை நீங்களும் செய்யலாம். சுருதி எழுப்பும் செயலி ஒன்றை ஃபோனில் இறக்கி, மெல்லிய ஒலியளவில், 3000 ஹெர்ட்ஸிலிருந்து மேலே நகர்த்திக்கொண்டே போனால் உங்கள் இரைச்சலை ஒத்த ஒரு புள்ளி வரும். வீட்டாரை ஒரு நிமிடம் கேட்க வையுங்கள். அதற்குப் பிறகு பேச்சு மாறும். ஒரு முறை போதும், தினமும் வேண்டாம்.

வீட்டார் செய்யக்கூடிய உதவி, நாள் முழுக்க ‘இப்ப எப்படி இருக்கு’ என்று கேட்காமல் இருப்பது. கடைத்தெருவுக்கு, கோயிலுக்கு, நடக்க, எங்காவது அழைத்துக்கொண்டு போங்கள்.

சத்தமான இடங்கள்

இரைச்சல் வந்தவர்கள் பயந்து எந்நேரமும் காதில் பஞ்சடைத்துக்கொள்வதுண்டு. அது தீங்கு. சாதாரண ஒலிகளைத் தடுத்தால் மூளை இன்னும் கூட்டிக்கொள்ளும், பாத்திரம் உருளும் சத்தம்கூடத் தாங்காமல் போகும். பாதுகாப்பு உண்மையான பெருஞ்சத்தத்துக்கு மட்டும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது தொழிலிடத்துக்கான பொது எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான். சோமனூரிலோ பள்ளிபாளையத்திலோ விசைத்தறி ஓட்டுபவர், தவில் வாசிப்பவர், பந்தலில் ஒலிபெருக்கி போடுபவர் ஆகியோர் இந்தக் கணக்கை அறிந்திருக்க வேண்டும். வெறும் பஞ்சு போதாது. நுரை அடைப்பானோ காதுமூடியோ வேண்டும். மண்டபத்தில் ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே உட்கார நேர்ந்தால் எழுந்து இடம் மாறுங்கள்; திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். சட்டம் பட்டாசுக்கு அனுமதிக்கும் அளவே நான்கு மீட்டர் தொலைவில் 125 டெசிபல். குழந்தை அதைக் கையெட்டும் தூரத்தில் கொளுத்துகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

மறுபடி எப்போது போக வேண்டும்

புதிதாக வந்த இரைச்சல் பலருக்குச் சில வாரங்களில், சில மாதங்களில் மங்கிவிடுகிறது. ஆறு மாதம் தாண்டி நின்றால் மருத்துவர்கள் அதை நிலைத்த இரைச்சல் என்கிறார்கள். அதற்குப் பிறகும் தொந்தரவு குறைந்துகொண்டே போவது வழக்கம். இடையில் சளி, தூக்கமின்மை, வீட்டில் கவலை என்று வரும்போது சில நாள் கூடும், பிறகு தணியும். அதற்காக ஓட வேண்டாம். ஆனால் இரைச்சல் ஒரு காதுக்கு மாறி அங்கேயே நின்றாலோ, நாடியோடு துடிக்கத் தொடங்கினாலோ, ஃபோன் சோதனையில் ஒரு பக்கம் மங்கினாலோ, தலைசுற்றல் சேர்ந்தாலோ, பழையதுதானே என்று விட்டுவிடாமல் அன்றைக்கே போங்கள். இல்லாவிட்டாலும் ஆறு மாதம் கழித்து ஒருமுறை செவித்திறன் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. முதல் ஆடியோகிராம் தாளை ரேஷன் கார்டோடும் ஆதாரோடும் சேர்த்துப் பத்திரமாக வைத்து, போகும்போதெல்லாம் கொண்டுபோங்கள். அது கையில் இல்லாமல், இன்று தெரியும் குறை புதிதா பழையதா என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது.